திங்கட்கிழமைகளில் இரையும் விசிறி

கேள்வி: ஐயா, உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்டவாக, வீட்டின் முன்னறையில் தட்டச்சு வேலையும் போட்டோ கொப்பியும் செய்து கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். கணினி இன்டெல் புரொசெசர் உள்ளது, ஏழு வருடம் பழையது. நான்கு மாதங்களுக்கு முன் புரொசெசர் விசிறி கரகரத்ததால் திருத்துபவர் ஒருவர் வந்து, விசிறியையும் அதன் அடியிலிருந்த அலுமினியத் துண்டையும் முழுதாக மாற்றிப் பூட்டினார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு, ஒரு சாதாரணக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்யும்போதே மூச்சு வாங்குவதுபோல் விசிறி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. வேறு சில நாள்களில், அதிலும் ஞாயிறு மூடிவிட்டுத் திங்கள் திறக்கும்போது, காலை முதல் மாலை வரை ஒரே வேகத்தில் இரைகிறது. அன்று கறுப்புத் திரையில் ஏதோ எழுதிக் காட்டி எஃப்1 அழுத்தச் சொல்கிறது. அவரை இருமுறை கூப்பிட்டேன். பயோஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரைக்குள்) போய் எதையோ மாற்றினார், இரைச்சல் நின்றது, பிறகு பழையபடி. இப்போது பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை உள்ளே பிடித்து வைத்திருக்கிறேன். மதர்போர்ட் போய்விட்டது என்கிறார்கள். இன்னொரு விசிறி வாங்குவதா, புதிய கணினிக்குக் காசு சேர்ப்பதா? இன்னொன்று, திங்கட்கிழமைகளில் திகதியும் பிழையாகக் காட்டுகிறது. அது பெரிய விடயமில்லை. படம் இணைத்துள்ளேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பெரிய விடயமில்லை என்று கடைசி வரியில் தள்ளிவிட்ட அந்தத் திகதிதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் பயன்பட்ட செய்தி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு விசிறியும் வாங்க வேண்டாம், புதிய கணினிக்குக் காசும் சேர்க்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தும் படத்தில் தெரிவதிலிருந்தும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சிறு பழுதுகள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒரு பெரிய பழுதுபோல் நடிக்கின்றன என்றே நினைக்கிறேன். வந்தவர் ஒவ்வொரு முறையும் அவற்றில் ஒன்றைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். மற்றது உள்ளே இருந்துகொண்டே இருந்திருக்கிறது. மூச்சு வாங்குவது ஒரு பழுது. திங்கட்கிழமை இரைச்சல் வேறொன்று.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்க வேண்டுமானால், இந்த விசிறி யார் சொல்லுக்குச் சுற்றுகிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கூரையில் தொங்கும் விசிறிக்கு நீங்கள் திருகிவிட்ட வேகம்தான் வேகம். புரொசெசர் விசிறிக்கு அப்படி நிலையான வேகம் கிடையாது. புரொசெசரின் உள்ளேயே பதிந்திருக்கும் வெப்ப உணரி சொல்லும் எண்ணை மதர்போர்ட் இடைவிடாமல் வாசித்து, அந்த எண்ணுக்கு இவ்வளவு வேகம் என்று தன்னிடமுள்ள ஒரு கணக்கின்படி விசிறிக்குக் கட்டளை கொடுக்கிறது. விசிறி தான் சுற்றும் வேகத்தை இன்னொரு வயர் வழியாகத் திருப்பி அறிவிக்கிறது. நான்கு வயர் உள்ள விசிறியில் ஒன்று நிலம் (கிரவுண்ட்), ஒன்று 12 வோல்ட், ஒன்று வேகத்தை அறிவிப்பது, நான்காவது கட்டளை வருவது. அந்தக் கட்டளை 25 கிலோ ஹேர்ட்ஸ் அளவில் விட்டுவிட்டு வரும் துடிப்பாக இருக்கும். துடிப்பின் அகலம் கூடினால் வேகம் கூடும். வேகத்தை அறிவிக்கும் வயரில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும்; மதர்போர்ட் அதை எண்ணித்தான் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று சொல்கிறது.

ஆகவே விசிறி தாறுமாறாக ஓடுகிறது என்று ஒருவர் சொல்லும்போது, உண்மையிலேயே வெப்பம் தாறுமாறாக ஏறி இறங்க, விசிறி அதற்குக் கீழ்ப்படிந்து நடக்கலாம். வெப்பம் சீராக இருந்தும் கட்டளை பிழையாக இருக்கலாம். கட்டளையும் சரியாக இருந்து விசிறியோ அதன் இணைப்போ கீழ்ப்படியாமல் இருக்கலாம். காதுக்கு மூன்றும் ஒரே சத்தம். இவற்றைப் பிரித்தறிய வெப்பநிலையையும் சுற்றும் வேகத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை. இதைச் செய்யாமல் விசிறியை மாற்றுவது, காய்ச்சலுக்கு வெப்பமானியை மாற்றுவதுபோல. நானும் அதைச் செய்தவன்தான். பல வருடங்களுக்கு முன், தனியார் வகுப்பு நிலையம் ஒன்றின் கணினிக்கு ஒரே மாதத்தில் இரண்டு விசிறி மாற்றினேன். மூன்றாம் முறை போனபோது, வேறு வழி தெரியாமல் மதர்போர்டையே வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கூலரின், அதாவது விசிறியும் அலுமினியத் துண்டும் சேர்ந்த பாகத்தின், நான்கு கால்களில் ஒன்று துளைக்குள் முழுதாக இறங்காமல், மடங்கிப்போய் இருந்தது. அந்த இரண்டு விசிறிகளும் இன்றைக்கும் என் மேசை லாச்சியில் கிடக்கின்றன. இரண்டும் நன்றாகவே சுற்றும்.

இனி உங்கள் கணினிக்கு வருவோம். எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, உணரிகளை மட்டும் காட்டும் பகுதியைத் திறந்தால், புரொசெசரின் வெப்பநிலையும் அதன் விசிறியின் வேகமும் ஒரே திரையில் வரும். ஒரு கொப்பித் தாளில் இரண்டு நிரல் போட்டு, பத்து நிமிடத்துக்கு, நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே, விசிறியின் சத்தம் மாறும்போதெல்லாம் இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மேசை விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் எண்கள் பொய் சொல்லும். நம் ஊரில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் பகலில் காற்றே 30 முதல் 33 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அந்த அறையில், புரொசெசரோடு சேர்ந்து வரும் சாதாரணக் கூலருடன், சும்மா இருக்கும் புரொசெசர் 40க்கும் 50க்கும் இடையில் நிற்பதும், கடுமையான வேலையில் 70, 80 வரை போவதும் இயல்பு. அதனால் எண்ணின் உயரத்தைவிட அது ஏறும் விதத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். ஒரு உலாவியைத் திறந்த மாத்திரத்தில், இரண்டே விநாடிக்குள் 45 இலிருந்து 85க்குத் தாவி, திறந்து முடிந்ததும் அதே வேகத்தில் கீழே விழுந்தால், புரொசெசரில் பிறக்கும் வெப்பம் அலுமினியத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஒழுங்காகத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத் துண்டு வெப்பத்தை உடனே வாங்கிக்கொள்ளும். அது முழுதாகச் சூடேற நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். அதனால் எண்ணும் நிதானமாகவே அசையும்.

இதை விரலாலும் சோதிக்கலாம். எண் 85, 90 என்று காட்டிய உடனே கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, விசிறி நின்றதும் அலுமினியத் தகடுகளை அடிப்பக்கத்தில் தொட்டுப் பாருங்கள். நல்ல தொடுகை உள்ள கூலர் அப்போது விரலுக்குச் சுடும். உங்களுடையது தேத்தண்ணிக் கோப்பை ஆறிப்போன பதத்தில் இளஞ்சூடாக மட்டும் இருந்தால் தீர்ப்பு எழுதியாயிற்று.

உங்கள் விடயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். மாற்றிப் பூட்டிய பிறகு இரண்டு வாரம் நன்றாக இருந்து, அதன்பின் மூச்சு வாங்கத் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் உள்ள கூலர் நான்கு மூலையிலும் கறுப்புத் தலையுள்ள தள்ளுகால்களால் நிற்பது. ஒவ்வொரு காலும் இரண்டு பாகம். வெளியே, நுனி பிளந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். உள்ளே, அந்தப் பிளவை விரித்துப் பிடிக்கும் கறுப்பு ஊசி. வெள்ளை நுனி துளைக்குள் முழுதாக இறங்கிய பிறகுதான் கறுப்பு ஊசி இறங்க வேண்டும். மதர்போர்ட் பெட்டிக்குள் பூட்டியிருக்கும்போதே மேலிருந்து அழுத்தினால் போர்ட் வளைந்துகொடுக்கும், ‘டிக்’ என்ற சத்தமும் கேட்கும், கால் மட்டும் பாதியிலே நிற்கும். அன்றைக்குத் தெர்மல் பேஸ்ட் (புரொசெசருக்கும் அலுமினியத்துக்கும் இடையில் பூசும் வெப்பங்கடத்தும் பசை) புதிதாக, ஈரமாக இருப்பதால் இடைவெளியை நிரப்பி வேலையைக் காட்டிவிடும். சூடேறுவதும் ஆறுவதுமாகச் சில நாள் போனால், அந்த மூலை எழும்பிக்கொள்ளும். படத்தில் மின்வழங்கி (பவர் சப்ளை) பக்கமுள்ள மேல் மூலையின் தலை மற்ற மூன்றையும்விட ஒரு நூல் உயர்ந்து நிற்பதுபோல் எனக்குத் தெரிகிறது. படத்தை நம்பி அடித்துச் சொல்ல மாட்டேன். நீங்கள் நேரே பார்த்து, பிளக் கழற்றிய நிலையில், அந்த மூலையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். மற்ற மூலைகள் அசையாமல் அது மட்டும் அசைந்தால் போதும்.

சரிசெய்வது ஒரு மணி நேர வேலை. பிளக்கைக் கழற்றி, மின் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மீதி மின்னை வடியவிட்டு, பெட்டியின் வர்ணம் பூசாத உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு தலையிலும் ஒரு அம்புக்குறி இருக்கும்; அது காட்டும் திசையில் தொண்ணூறு பாகை திருப்பி மேலே இழுத்தால் கால் விடுபடும். கூலரை நேரே பிடுங்காமல், இடமும் வலமுமாகச் சற்றே முறுக்கி எடுங்கள். பழைய பேஸ்டைப் பாமசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் இரண்டு முகங்களிலுமிருந்து முழுதாகத் துடையுங்கள். பெற்றோல் வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம். பழைய பேஸ்டைப் பார்ப்பதே ஒரு சோதனைதான். நான்கு பக்கமும் மெல்லிய படலமாகப் பரவியிருந்தால் தொடுகை நன்றாக இருந்திருக்கிறது. ஒரு பக்கம் மெலிந்து எதிர்ப்பக்கம் தடித்துக் கிடந்தால், தடித்த பக்கத்துக் கால் இறங்கவில்லை. புதிய பேஸ்ட் நடுவில் ஒரு பயறளவு போதும். தோசைக்கு நெய் தடவுவதுபோல் பூசத் தேவையில்லை. கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிக்கொள்ளும்.

திரும்பப் பூட்டும்போது மதர்போர்டைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே வைத்துத்தான் பூட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். கூடுதலாக ஒன்பது திருகாணிகளையும் சில வயர்களையும் கழற்ற வேண்டியிருக்கும், அலுப்பான வேலைதான். ஆனால் அப்போதுதான் போர்டின் அடிப்பக்கத்தைக் கண்ணால் காண முடியும். தலைகளை அம்புக்கு எதிர்த் திசையில் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, குறுக்காக எதிரெதிர் மூலைகளை இரண்டிரண்டாக அழுத்துங்கள். பிறகு திருப்பிப் பாருங்கள். நான்கு துளைகளிலும் வெள்ளை நுனிகள் விரிந்து, நடுவே கறுப்பு ஊசியின் முனை தெரிய வேண்டும். ஒரு வெள்ளை நுனி உடைந்தோ மடங்கியோ இருந்தால் அந்தக் காலைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். கால்கள் மட்டும் தனியாக விற்கப்படுகின்றன. இந்த வேலையைத் தனியே செய்யத் தயக்கமாக இருந்தால் பழைய திருத்துபவரையே கூப்பிடுங்கள். அவரிடம் “விசிறியைப் பாருங்கள்” என்று சொல்லாமல், “போர்டைக் கழற்றி நான்கு காலும் அடியில் விரிந்திருக்கிறதா என்று எனக்குக் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். கேட்கும் விதத்தில்தான் திருத்தமும் அமையும்.

இப்போது திங்கட்கிழமை.

படத்தில் உங்கள் புதிய விசிறிக்குக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று மூன்றே வயர்கள்தான் இருக்கின்றன. நிலம், 12 வோல்ட், வேக அறிவிப்பு. கட்டளை வயர் இல்லை. நான்கு ஊசியுள்ள இடத்தில் மூன்று வயர்த் தலை தாராளமாகப் பொருந்தும். நான்காவது ஊசி சும்மா நிற்கும். அப்படிப்பட்ட விசிறியின் வேகத்தைக் குறைக்க ஒரே வழி, அதற்குப் போகும் வோல்ட்டையே குறைப்பது. பல மதர்போர்டுகளின் பயோஸில் இதற்கென்று ஒரு தெரிவு உண்டு, பீ.டபிள்யூ.எம். (துடிப்பால் கட்டளையிடுவது) என்றும் டீ.சி. அல்லது வோல்டேஜ் (வோல்ட்டைக் குறைப்பது) என்றும் எழுதியிருக்கும். மூன்று வயர் விசிறிக்கு இரண்டாவதைத் தெரிவுசெய்ய வேண்டும். முதலாவது தெரிவில் விட்டால், வராத கட்டளைக்காக விசிறி காத்திருக்காது. முழு 12 வோல்ட்டும் நேரே கிடைப்பதால் முழு வேகத்தில் நாள் முழுதும் இரையும். வந்தவர் பயோஸுக்குள் மாற்றிய “எதையோ” என்பது இந்தத் தெரிவாகத்தான் இருக்க வேண்டும். அவர் செய்தது சரி.

அந்தத் தெரிவு ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு உங்கள் திகதி பதில் சொல்கிறது. கணினி மின்னில்லாமல் கிடக்கும்போது கடிகாரத்தையும், பல மதர்போர்டுகளில் பயோஸ் அமைப்புகளையும் காப்பது, போர்டின் மேலேயே படுத்திருக்கும் நாணயம் போன்ற ஒரு பற்றரி. சி.ஆர்.2032 என்று அதன் முதுகில் எழுதியிருக்கும். புதிதில் 3 வோல்ட். ஏழு வருடம் என்பது அதற்கு நிறைந்த ஆயுள். இரவில் சுவர் சுவிட்சை நிறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன், கடை வைத்திருக்கும் எல்லோரும் செய்வதுதான், அதில் பிழையும் இல்லை. ஆனால் சுவர் சுவிட்ச் போடப்பட்டிருக்கும் வரை மின்வழங்கி சிறு மின்னைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் பற்றரிக்கு வேலை இல்லை. நிறுத்தியதும் பாரம் முழுதும் அதன் தலையில். சோர்ந்த பற்றரி ஒரு இரவைத் தாண்டிவிடும். சனி மாலை தொடங்கித் திங்கள் காலை வரை தாண்ட அதற்கு மூச்சு இல்லை. கடிகாரம் நின்று திகதி பின்னே போகிறது, அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்புகின்றன, விசிறியின் தெரிவும் முன்னைய இடத்துக்குப் போகிறது, விசிறி இரைகிறது. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகும் இதே கதை நடந்திருக்கும், ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

எஃப்1 அழுத்தச் சொல்லும் அந்தக் கறுப்புத் திரையை இனிமேல் வாசிக்காமல் தாண்ட வேண்டாம். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். விசிறி ஓடவில்லை என்று சொல்வதற்கும், திகதியும் நேரமும் அமைக்கப்படவில்லை என்று சொல்வதற்கும், அமைப்புகள் அழிந்துவிட்டன என்று சொல்வதற்கும் பயோஸ் கேட்பது அதே எஃப்1 தான். நீங்கள் “ஏதோ எழுதி” என்று எழுதிய அந்த ஒரு வரி எது என்பதைப் பொறுத்து என் கணிப்பு மாறலாம். அது உண்மையிலேயே விசிறியைப் பற்றியதாக இருந்தால், விசிறியின் தலை எந்த இடத்தில் குத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். புரொசெசருக்கு அருகே சி.பி.யு. ஃபேன் என்று அச்சிட்ட இடமும், சற்றுத் தள்ளிப் பெட்டி விசிறிக்கான இடமும் ஒரே வடிவில் இருக்கும். இடம் மாறிக் குத்தினால் விசிறி சுற்றும். ஆனால் மதர்போர்ட் தன் புரொசெசர் விசிறியைக் காணாமல் முறையிடும், வேகமும் வேறு உணரியின் எண்ணைப் பார்த்து நடக்கும். சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றால், பயோஸ் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த வேக எல்லையைப் பாருங்கள். மூன்று வயர் விசிறி குறைந்த வோல்ட்டில் எழும்பத் தடுமாறும். எல்லை 600 சுற்று என்று இருந்து விசிறி 550இல் சுற்றினால், எல்லாம் நன்றாக இருந்தும் பிழை என்றே அறிவிக்கும்.

பற்றரியை மல்டிமீற்றரால் அளக்கலாம், 2.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். உண்மையைச் சொன்னால், ஏழு வருடப் பற்றரியை நான் அளப்பதுகூட இல்லை. பிளக் கழற்றிய நிலையில், பக்கத்திலிருக்கும் சிறு கொக்கியை நகத்தால் தள்ளினால் அது தானே எழும்பும். கூட்டல் குறி மேலே பார்க்கப் புதியதை வையுங்கள். பிறகு பயோஸில் திகதியைத் திருத்தி, விசிறியை டீ.சி. தெரிவுக்கு மாற்றிச் சேமியுங்கள். சிலர் நான்கு வயர் விசிறியை வாங்கிப் பூட்டிவிட்டால் இந்தத் தெரிவின் தொல்லையே இராதே என்பார்கள். சரிதான், அடுத்த முறை வாங்கும்போது நான்கு வயராகவே வாங்குங்கள். ஆனால் நான்கு வயர் விசிறியை டீ.சி. தெரிவில் விட்டாலும் அது வேறு விதமாகத் தடுமாறலாம், குறைந்த வோல்ட்டில் விக்கி விக்கிச் சுற்றலாம். விசிறியும் தெரிவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதுதான் கணக்கு.

இதே பயோஸ் பக்கத்தில் இருக்கும்போது இன்னொன்றையும் செய்துவிடலாம். சில போர்டுகளில் கியூ-ஃபேன் என்றும், சிலவற்றில் ஸ்மார்ட் ஃபேன் என்றும் வெப்பத்துக்கு வேகம் குறிக்கும் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு பெரும்பாலும் குளிரான அறையை மனதில் வைத்து வரையப்பட்டது; நம் அறையின் காற்றே 32 பாகையில் இருக்கும்போது, சும்மா இருக்கும் புரொசெசரும் கோடு செங்குத்தாக ஏறத் தொடங்கும் இடத்தில்தான் வந்து நிற்கும். அங்கே இரண்டு பாகை அசைந்தால் சுற்று இருநூறு முந்நூறு என்று மாறும், காதுக்கு அது தாறுமாறாகக் கேட்கும். கால்களைச் சரிசெய்த பிறகும் சிறிது ஏற்ற இறக்கம் மிஞ்சியிருந்தால், 60 பாகை வரை கோட்டைத் தட்டையாக விட்டு, 80ஐ எட்டும்போது முழு வேகம் என்று அமையுங்கள். வேகம் மாறும் முன் சில விநாடி பொறுத்திருக்கச் சொல்லும் தெரிவும் பல போர்டுகளில் உண்டு. ஆனால் கால்களைப் பார்க்காமல் இதை முதலில் செய்யாதீர்கள்; சத்தம் அடங்கும், சூடு அடங்காது.

மேசை விசிறி விடயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெப்பம் குறைவது உண்மை, ஆனால் உப்புவெளிக் கடற்காற்றை நேரே மதர்போர்டின் மேல் ஊதிக்கொண்டிருக்கிறீர்கள். காற்றில் வரும் உப்புத் துகள் தூசியோடு சேர்ந்து படிகிறது. ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது அந்த உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைந்து, மின்கடத்தும் மெல்லிய படலமாகிவிடும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக் காற்றுக் காலத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. விசிறியின் இணைப்பு ஊசிகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பது இதனால்தான். பூத்த ஊசியில் வேகத் துடிப்பு ஒழுங்காகப் போகாது, மதர்போர்ட் ஒரு விநாடி 1,200 என்றும் மறு விநாடி பூச்சியம் என்றும் வாசிக்கும். உங்கள் பத்து நிமிடத் தாளில் அப்படி ஒரு பூச்சியம், காதுக்கு விசிறி நிற்காமலேயே, எழுதப்பட்டிருந்தால் இணைப்பைக் கழற்றி, அற்ககோலால் துடைத்து, நான்கைந்து முறை குத்திக் கழற்றிவிட்டுத் திரும்பக் குத்துங்கள். பக்கத் தகட்டை மூடுங்கள். பெட்டியை யன்னலுக்கு முதுகு காட்டாத இடத்தில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் 35 பாகையைத் தாண்டும் நாள்களில்கூட, மூடிய பெட்டிக்குள் முன்னிருந்து பின்னாகப் போகும் காற்று போதுமானது.

தூசி துடைக்கும்போது ஒரு எச்சரிக்கை. புளோவரால் ஊதுகிறவர்கள் விசிறியை விர்ரென்று சுழலவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அது தன் அளவுக்கு மீறிச் சுற்றி, அச்சைப் பிடித்திருக்கும் தாங்கியை (பெயரிங்) தேய்த்துவிடும். ஒரு விரலால் இதழைப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ஊதுவதற்கு முன் தகடுகளுக்கிடையே ஒரு டோர்ச் அடித்தும் பாருங்கள். பல்லி முட்டைகளை நான் எடுத்திருக்கிறேன். ஒருமுறை, காய்ந்த பல்லி வால் ஒன்று இதழைத் தட்டிக்கொண்டிருந்ததை.

விசிறியே பழுதா என்ற கேள்விக்குக் குறுகிய பதில் போதும். மின் இல்லாதபோது விரலால் சுண்டிவிட்டால் மெதுவாக ஓய்ந்து நிற்க வேண்டும். சட்டென்று நின்றாலோ, கரகரத்தாலோ தாங்கி போய்விட்டது. ஸ்டிக்கரை உரித்துத் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில மாதம் ஓடும். தேங்காய் எண்ணெய் விட்ட விசிறிகளும் என் மேசைக்கு வருகின்றன. அது நாள்பட்டுப் பிசினாகிவிடும். பெட்டியிலுள்ள எல்லா விசிறிகளும் ஒரே நேரத்தில் தளர்ந்து எழும்பினால் மின்வழங்கியைச் சந்தேகியுங்கள். 12 வோல்ட் வழி 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். எதுவும் திறக்காமலேயே புரொசெசர் பாதி வேலை செய்துகொண்டிருப்பதாக, ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மனேஜர் காட்டினால், அது நகல் மென்பொருளோடு ஒளிந்து வந்த ஏதோவொன்றாக இருக்கலாம். அதற்குத் திருகாணி கழற்றுவதில் பயனில்லை.

மதர்போர்ட் போய்விட்டது என்று சொன்னவர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள். நன்றாக ஓடும் வேறொரு விசிறியை அதே இடத்தில் குத்தி, அதுவும் அதேபோல் தடுமாறினால்தான் போர்டின் விசிறி மின்சுற்றைக் குற்றம் சொல்ல முடியும். அதுவரை கணினியைப் பாவிக்கலாமா என்றால், பாவிக்கலாம். 100 பாகையை நெருங்கும்போது புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் தானே நின்றுவிடும், எரிந்துபோகாது. அப்படி நிற்கும்போது சேமிக்காத கடிதம்தான் போகும். ஆகவே வாடிக்கையாளர் முன்னால் இருக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்துக்கொள்ளுங்கள்.

பற்றரியை முதலில் மாற்றுங்கள், அதற்குப் போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. அடுத்த திங்கள் காலை திகதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பத்து நிமிடத் தாளையும், எஃப்1 கேட்டால் அந்தத் திரையின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். நான்கு மாதத்துக்கு முன் கழற்றிய பழைய கூலர் வீட்டில் கிடந்தால் அதை வீசிவிட வேண்டாம். அது நான்கு வயர் விசிறியாகத்தான் இருக்கும், ஒரு சொட்டு எண்ணெயோடு அதையே திரும்பப் பூட்டலாம்.